வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் நான்கு உருண்டை

பேய்க்கதையை யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய்க் குக்கரைக் கழுவுகிற ஆள் நான். படித்தது கெமிஸ்ட்ரி. வேலை, சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் லேபில். மீட்டரில் நம்பர் வந்தால்தான் ஒரு விஷயம் நடந்தது என்று ஒப்புக்கொள்வேன். எங்கள் சர்ச்சில் ஒரு அம்மாள் கனவில் தேவதூதன் வந்ததாகச் சாட்சி சொன்னபோது, "ராத்திரி இன்னா துன்னீங்க?" என்று பக்கத்தில் போய்க் கேட்டு அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காகவாவது கொஞ்சம் கேளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நானே பாதி நாள் நம்புவதில்லை.

இன்னொன்று, எல்லாரும் நடுராத்திரி, பன்னிரண்டு மணி, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். என் விஷயத்தில் எல்லாமே சாயங்காலம் ஐந்து மணிக்கு நடந்தது. நல்ல வெளிச்சத்தில், தெருவில் ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்போது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், திருப்பதிக்கும் வேலூருக்கும் போய்வந்தவர். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது, தம்பி சாமு பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை. ஆக வீட்டில் நைனாவும் நானும்தான். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. திருப்பதியில் பிசியோதெரபி கொடுத்த டாக்டர், "இடது கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், தினமும் அவரை நம்பி ஒரு உயிர் இருந்தால் நல்லது" என்றார். அன்றைக்கே அங்கே ஒரு கடையில் ஃபைட்டர் மீன் ஒன்று வாங்கினேன். நீலமும் சிவப்புமாக, வால் பட்டுப்புடவை முந்தானை மாதிரி விரிந்துகொண்டு, ஒரு பிளாஸ்டிக் கப்புக்குள் தனியாகக் கிடந்தது. இந்த ஜாதி ஆண் மீன் இன்னொன்றோடு சேராது, ஒன்றை ஒன்று கடித்தே தீர்த்துவிடும், தனியாகத்தான் வைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். சரி, எங்கள் வீட்டுக்கு ஏற்ற மீன் என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா அதற்கு வைத்த பெயர் 'செக்கிங்'. கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தாலே அது செவுளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு முறைக்கும். அப்படியே பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறுகிற செக்கிங் இன்ஸ்பெக்டர். நைனா வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை கோணலாக வந்தபோது இரண்டு பேரும் அழ அழச் சிரித்தோம். நோய்க்குப் பிறகு அவருக்குத் தெளிவாக வந்த வார்த்தைகள் நாலைந்துதான், அதில் ஒன்று 'ரைட்'. முப்பது வருஷம் சொன்ன வார்த்தையை நோயால்கூடப் பிடுங்க முடியவில்லை பாருங்கள்.

மீன் வளர்ப்பில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை பாதி மாற்றுவேன். சர்ச் வாசலில் விழுகிற காய்ந்த பாதாம் இலை ஒன்றைத் தொட்டிக்குள் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், மீனுக்கு அது நல்லது. தீனி போடுவது மட்டும் நைனா வேலை. ஒற்றைக் கையால் பாட்டிலைத் திறக்க முடியாது என்பதால், வாரத்துக்கு மாத்திரை போட்டு வைப்பார்களே, ஏழு கட்டம், ஏழு மூடி, மேலே கிழமைக்கு ஒரு ஆங்கில எழுத்து, அந்த மாதிரி டப்பா ஒன்றை மீனுக்கென்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கட்டத்துக்கு நான்கு உருண்டை, கடுகு அளவு உருண்டை, எண்ணிப் போட்டு வைப்பேன். வெள்ளிக்கிழமைக் கட்டம் மட்டும் காலி. இந்த மீனுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் வயிறு உப்பாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நைனா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை வாழ்நாளில் விட்டவர் இல்லை, மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர்தான். மீனுக்கும் அதே நாள் என்று அவர் விரலால் காட்டிவிட்டார்.

தினமும் ஐந்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பஸ் தகரத்தில் தட்டுவதைப் போலத் தொட்டிக் கண்ணாடியில் நகத்தால் டொக், டொக் என்று இரண்டு தட்டு. மீன் எங்கிருந்தாலும் அவர் பக்கம் வந்து ஆடும். மூடியைத் திறந்து நான்கையும் போட்டு, அது துன்னு முடித்ததும் 'ரைட்' என்பார். பிறகு பக்கத்திலிருக்கிற பட்டன் ஃபோனில், என் நம்பரைப் பதிந்து வைத்திருந்த இரண்டாம் எண் பட்டனை அழுத்திப் பிடித்து எனக்கு ஒரு மிஸ்டு கால். பேச வராதவர் வேறு எப்படிச் சொல்வார்? ஒரு மிஸ்டு கால் வந்தால் மீனுக்குப் போட்டாச்சு, நானும் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். லேபுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் இருக்கும். ஐந்தரைக்கு டீ குடிக்க வெளியே வரும்போது பார்த்துக்கொள்வேன்.

ஆபத்து என்றால் எத்தனை கால் என்று நாங்கள் பேசி வைக்கவே இல்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு ரமணம்மா வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார், மிச்சம் என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன். படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் ஜூன். மாம்பழ சீசன் என்றால் எங்கள் ஃபேக்டரி வாசலில் லாரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு லாக்கரைத் திறந்து ஃபோனை எடுத்தேன். நான்கு ஐம்பத்தெட்டுக்கு நைனாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால்.

வெள்ளிக்கிழமை மீனுக்குத் தீனி கிடையாது. வெள்ளிக்கிழமை கால் வராது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கிழவருக்குக் கிழமை மறந்துவிட்டது, சனிக்கிழமைக் கட்டத்தைத் திறந்து போட்டுவிட்டார், செக்கிங்குக்கு இன்றைக்கு உபவாசம் முறிந்தது என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டீ குடித்தேன். அடுத்த ஷிப்டுப் பெண் வரத் தாமதமானதால் இன்னும் இரண்டு பேட்ச்சுக்கு இனிப்பு அளவும் புளிப்பு அளவும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கமாக எட்டுக்கு வருகிறவள் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நைனா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார், உடம்பு சில்லிட்டிருந்தது. ஃபோன் அதன் இடத்தில் ஸ்டூல்மேல் இருந்தது. மாரடைப்பு, சாயங்காலமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த நேரத்தில் டப்பாவைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? அடக்கமெல்லாம் முடிந்து சனிக்கிழமை இருட்டிய பிறகு ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. புத்தூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, "பாவம்டி, வாயில்லா ஜீவன் பட்டினியா கெடக்குதேன்னு இருந்த எல்லாத்தையும் போட்டுட்டேன்" என்றார். சனிக்கிழமைக் கட்டத்தில் உருண்டை இருந்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு பாத்தா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கிருந்த ஒரே சாட்சி அதுதான். சனிக்கிழமைக் கட்டம் காலியாக இருந்திருந்தால் நைனா மறந்துபோய் மீனுக்குப் போட்டிருக்கிறார், அந்தக் கால் வழக்கமான கால். நான்கு உருண்டை இருந்திருந்தால், அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் சாமு கேட்டான்.

"ஒரு போன் கூடவா பண்ல நைனா? போன் கையாண்டதான கீது?"

"இல்லடா" என்றேன்.

"சீசன் சீசன்னு ஓடிக்கினு இருந்தியே, ஒரு ஆள் வெச்சிருக்கலாம்ல அக்கா."

அவன் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். அன்றைக்குச் சொன்ன 'இல்லடா'வை இன்றுவரை திருத்தவில்லை. இந்த மிஸ்டு கால் விஷயத்தை முதலில் கேட்பது நீங்கள்தான்.

வேலைக்குத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, கை தன்பாட்டுக்கு ஆறு கட்டத்திலும் நான்கு நான்கு உருண்டை எண்ணிப் போட்டது. இனி காலையில் நானே போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பு. திங்கட்கிழமை அவசரத்தில் மறந்துவிட்டேன். எட்டு மணிக்கு வந்து பார்த்தால் திங்கட்கிழமைக் கட்டம் காலி, மூடி சாத்தியபடி. நானே போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். செவ்வாயும் அப்படி. புதன்கிழமை வேண்டுமென்றே தொடாமல் போனேன். சாயங்காலம் அதுவும் காலி. மீனின் வயிறு அளவாக, சாப்பிட்ட வயிறாக இருந்தது. பட்டினி கிடந்தால் வயிறு உள்ளே போய்விடும், அதை மறைக்க முடியாது.

ரமணம்மாவிடம் கேட்டேன். "நாக்கு தெலீதம்மா, எனக்குத் தெரியாதும்மா, சாவியெ அன்னிக்கே உங்க தம்பி கையில குட்த்துட்டனே" என்றார். பல்லியால் அந்த மூடியைத் திறக்க முடியாது, எறும்பு வந்தால் வரிசை தெரியும். புதுப் பூட்டு வாங்கினேன், ஒரே சாவி, அது என் பையில். ஸ்டூலைச் சுற்றி முகப் பவுடர்கூடத் தூவிப் பார்த்தேன், தூவியது தூவியபடி கிடந்தது. வியாழன் காலி. சனி காலி. அடுத்த வாரமும் அப்படியே.

கேமரா வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். பழைய ஃபோன் ஒன்று இருந்தது, வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பயந்தது எதற்கு என்றால், அதில் யாராவது தெரிவார்கள் என்பதற்கு இல்லை. யாருமே தெரியாமல், நானே தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து மூடியைத் திறப்பது தெரிந்துவிட்டால்? அப்புறம் நான் எட்டு மணிக்கு யார் வீட்டுக்கு வருவது? தனியாக இருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பூட்டைத் திறக்கும்போதே "செக்கிங்குக்குப் போட்டாச்சா நைனா?" என்று கேட்டுக்கொண்டே நுழைவேன், விளக்கைப் போட்டு அன்றைய கட்டத்தைப் பார்ப்பேன், காலியாக இருக்கும். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். பயம் முதல் இரண்டு நாள்தான். வீடு நிறைந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம்.

லேபில் எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒன்றையும் வைத்துச் சோதிப்போம், முடிவு உண்மையா என்று பார்க்க. அந்தப் புத்தி என்னை விடவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் நான்கு உருண்டை போட்டு வைத்தேன்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன், எல்லாம் காலியானது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மூடியைத் திறந்தேன். நான்கும் அப்படியே இருந்தன. சனிக்கிழமைக் கட்டம் மறுநாள் சரியாகக் காலி. எனக்கு ஒரே சந்தோஷம். "அங்க போயும் உபவாசத்த வுடல பாரு" என்று மீனிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வெள்ளியும் போட்டேன், தொடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் தொடவில்லை.

அந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை, அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரை வடித்தேன். கையை அரிசிக்குள் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

செத்த பிறகும் வெள்ளிக்கிழமையை மறக்காத மனுஷன், உயிரோடு இருந்தபோது எப்படி மறந்திருப்பார்?

அப்படியானால் அந்தக் கால் மீனுக்காக வந்தது இல்லை. அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது, காலியான கட்டத்தைப் பார்த்தால் யாரோ என்னிடம் கணக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. ஐந்து மணிக்கு ஃபேக்டரி மணி அடிக்கும்போது ஒரு தடவை சாம்பிள் குடுவையையே கீழே போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன். சீசனில் லீவா என்று லேப் இன்சார்ஜ் முறைத்தார், என் முகத்தைப் பார்த்ததும் எழுதிக் கொடுத்துவிட்டார். நான்கரைக்கே தரையில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்காரவில்லை, அது காலியாகவே இருக்கட்டும் என்று விட்டேன். டப்பாவைத் திறந்து வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் நான்கு உருண்டை இருப்பதைப் பார்த்து, எண்ணி, மூடினேன். நான்கு ஐம்பதுக்குக் கரண்ட் போனது. எங்கள் தெருவில் அது அதிசயமே இல்லை. ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. மீன் பாதாம் இலைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவதுதான். கண்ணை மூடினேன். ஆனால் ஆண்டவரிடம் பேசவில்லை.

"நைனா, அன்னிக்கு நீ என்னியா கூப்ட? இல்ல செக்கிங்குக்குப் போட்டுட்டுப் பண்ணியா? நான் சிரிச்சிக்கினு டீ குடிச்சிட்டேன் நைனா. அது எதுக்கு வந்த போனு? அத மட்டும் சொல்லிடு."

டொக், டொக்.

நகம் கண்ணாடியில் படுகிற சத்தம், இரண்டு தட்டு. நாலடி தூரத்தில் கேட்டது. பல்லி இல்லை, பல்லிச் சத்தம் எனக்குத் தெரியாதா? கண்ணைத் திறக்க முடியவில்லை, திறந்தால் போய்விடுமோ என்று இருந்தது. அடுத்து 'ரைட்' என்று வரும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது வரவில்லை. தண்ணீரில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டு, அதற்குமேல் தாங்காமல் கண்ணைத் திறந்தேன்.

மீன் நாற்காலிப் பக்கம் மேலே வந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு உருண்டையை வாயிலிருந்து துப்பி மறுபடி விழுங்கியது, பெரிய உருண்டையாக இருந்தால் அது அப்படித்தான் செய்யும். இன்னொன்று தண்ணீர்மேல் மிதந்தது, போய் அதையும் கவ்வியது. டப்பாவை எடுத்தேன். மூடி சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டம் காலி. முதல் தடவையாக வெள்ளிக்கிழமைக் கட்டம் காலி.

நான் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பதில் வந்துவிட்டது என்றுதான் அழுதேன். வெள்ளிக்கிழமைகூட மறந்துபோய்ப் போடுவேன், அன்றைக்கும் அப்படித்தான் போட்டேன், நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை என்கிறார் என்று. கரண்ட் வந்து ஃபேன் ஓட ஆரம்பித்தபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

அதோடு சரி. மறுநாள் சனிக்கிழமைக் கட்டத்தில் நான்கும் இருந்தன. ஞாயிறும் இருந்தன. அதற்குப் பிறகு ஒரு நாளும் ஒரு கட்டமும் தானாகக் காலியாகவில்லை. செக்கிங் இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு வயசாகிச் செத்தது, பாதாம் மரத்தடியில் புதைத்தேன். தொட்டி காலியாக இருக்கிறது, வேறு மீன் வாங்கவில்லை.

மனசு லேசானது எத்தனை நாளைக்கு என்று கேட்கிறீர்களா? பத்து நாள் இருக்கும். ஒரு நாள் பழைய சர்ட்டிபிகேட் எதையோ தேடும்போது என் ப்ளஸ் டூ மார்க் ஷீட் கையில் வந்தது. அந்த வருஷம் முதல் தடவை நான் கணக்கில் ஃபெயில். பேப்பரில் என் நம்பர் இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு கேட்டபோது நைனா முகம் மாறாமல், "பேப்பர்க்காரன் நம்பரெ வுட்டுட்டான், நான் போயி விசாரிச்சிட்டேன், பாஸு" என்றார். பத்துப் பைசா டிக்கெட் விஷயத்தில்கூடப் பொய் சொல்லாத மனுஷன். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடி எழுதப் பணம் கட்டினார், அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை நைனா சொன்னது உண்மையா, இல்லை எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. மீன் துன்னு முடித்ததும் தவறாமல் 'ரைட்' என்று சொல்கிறவர், அன்றைக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? டப்பாவை இன்னும் ஸ்டூல்மேல்தான் வைத்திருக்கிறேன். மீன் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மட்டும் நான்கு உருண்டை எண்ணிப் போடுகிறேன். எட்டு மணிக்கு வந்து திறந்து பார்க்கிறேன். நான்கும் இருக்கின்றன.